பேஸ்மென்ட் தோண்ட வேண்டாம்... பத்தாய அறை போதும்! - தஞ்சை வீடுகளில் பாட்டு கேட்க ஓர் அறை

இரவு 10 மணி. ஹாலில் தாத்தா தோடி ஆலாபனையில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அறையில் பிளஸ் டூ படிக்கும் பேத்தி, ``தாத்தா, கொஞ்சம் சவுண்டைக் குறைங்களேன்'' என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். கதவைச் சாத்தினாலும் நாகஸ்வரம் உள்ளே வருகிறது. தாத்தா சத்தத்தைக் குறைக்கிறார். இப்போது ஃபேன் சத்தத்தில் அவருக்கு ஆலாபனை கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

யார் மீதும் தப்பில்லை. ஆனால், இரண்டு பேருக்கும் வருத்தம். தஞ்சாவூர், கும்பகோணம், திருவையாறு பக்கம் பாட்டு கேட்கும் பழக்கம் உள்ள பல வீடுகளில் இந்தக் காட்சி வழக்கமானதுதான். சில வீடுகளில் நாகஸ்வரத்துக்குப் பதில் மிருதங்கம்; தாத்தாவுக்குப் பதில் அரங்கேற்றத்துக்குச் சாதகம் செய்யும் பையன். சில வீடுகளில் புது ஹோம் தியேட்டர்.

இதற்கெல்லாம் தீர்வாக இப்போது பலரும் தேடுவது, வீட்டுக்குள்ளேயே பாட்டு கேட்பதற்கென்று தனி அறை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட், சுவரெங்கும் ஃபோம், நடுவில் ஒரு சோபா என்று அழகாக இருக்கும். அதை அப்படியே டெல்டாவில் செய்தால் என்ன ஆகும்? செலவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இங்கே.

நம் ஊர் `பேஸ்மென்ட்' மேலேதான் இருக்கும்!

தஞ்சைப் பக்கம் ஒரு கொத்தனாரிடம் ``பேஸ்மென்ட்'' என்று சொல்லிப் பாருங்கள். ``எத்தனை அடி ஏத்தணும்?'' என்றுதான் கேட்பார். தரைக்குக் கீழே தோண்டும் அறை அவர் நினைப்பிலேயே வராது. மண்மட்டத்திலிருந்து வீட்டுத் தரையை உயர்த்திக் கட்டும் பகுதிக்குத்தான் இங்கே அந்தப் பெயர். மழைக்கும் வெள்ளத்துக்கும் பழகிய ஊர், கீழே தோண்டாமல் மேலே ஏற்றிக் கட்டியே பழகியிருக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நிலத்தடி நீர் மேலே ஏறும். வயலில் தண்ணீர் தேங்கும். அதன் பின்னாலேயே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆண்டின் பாதிக்கு மேல் மண் ஊறியே இருக்கும்.

ஊறிய மண்ணுக்குள் ஓர் அறையை இறக்கினால் அது தண்ணீரில் அமுக்கிப் பிடித்த காலிக் குடம் மாதிரி. தண்ணீர் அதை மேலே தள்ளப் பார்க்கும். நீர்மட்டம் அறையின் தரையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் ஒரு டன் விசை கீழிருந்து தள்ளும். சாதாரண செங்கல் சுவரும் சிமென்ட் தரையும் இதைத் தாங்காது. தரை, சுவர் இரண்டையும் ஒரே கான்கிரீட் பெட்டியாக வார்த்து, வெளிப்பக்கம் முழுக்க நீர்க்காப்புப் படலம் ஒட்டி, உள்ளே கசிவுநீர்த் தொட்டியும் பம்பும் வைக்க வேண்டும். மழை கொட்டும் இரவில்தான் கரன்ட் போகும் என்பதால் பம்புக்கு மாற்று மின்சாரமும் தேவை.

தஞ்சை நகரின் மேற்கே வல்லம் பக்கத்து மேட்டு நிலத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே செம்பொறை மண். தண்ணீர் நிற்பது குறைவு. ஆனால், திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கத்து வண்டல் நிலத்தில் பேஸ்மென்ட் என்பது ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு வைக்கும் ஆசை. அதில் வைக்கப்போவது ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், அட்டை உறை போட்ட எல்.பி ரெக்கார்டு, பழைய கேசட். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கிற பொருள்கள்தான் அத்தனையும்.

பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். 2024 ஜூலை 27-ம் தேதி டெல்லி பழைய ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட்டில் இயங்கிய நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள். பொருள் வைக்கவும் வாகனம் நிறுத்தவும் அனுமதி பெற்ற இடத்தில் ஆட்களை உட்காரவைத்த கதை அது. ஒரே ஒரு வழி உள்ள, சத்தம் வெளியே கேட்காத ஒரு நிலத்தடி அறை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. கட்டியே ஆக வேண்டும் என்றால் கட்டட வரைபடத்தில் காட்டி உள்ளாட்சி அனுமதி, கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு, இரண்டாவது வெளியேறும் வழி ஆகிய மூன்றும் இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

பத்தாய அறை என்னும் வரம்

டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில், நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் இருந்த உள்ளறை ஒன்று இருக்கும். ஜன்னல் இருக்காது அல்லது சின்னதாக ஒன்று இருக்கும். தெருவிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் மற்ற அறைகள் சூழ்ந்திருக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனத்த சுவர். நெல் இப்போது நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவதால் பல வீடுகளில் அந்த அறையில் பழைய கட்டிலும் பித்தளை அண்டாவும்தான் கிடக்கின்றன.

ஒலியைத் தடுக்க முதலில் வேண்டியது எடை. சுவரின் எடை இரு மடங்கானால், அது தடுக்கும் ஒலி சுமார் 5 முதல் 6 டெசிபல் கூடும். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் தோராயமாக 45 டெசிபல் வரை தடுக்கும். ஒன்பது அங்குலச் சுவர் 50-ஐ எட்டிப் பிடிக்கும். பத்தாய அறையின் கனத்த சுவர் அதற்கும் மேல். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்க வேண்டியதை முன்னோர் சும்மாவே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புது வீடு என்றால், தெருவை ஒட்டாத, பக்கத்து வீட்டுச் சுவரோடு சேராத, படுக்கையறைக்கு நேர் மேலேயோ கீழேயோ வராத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டோர் ரூமும் பூஜை அறையும் நடுவில் வந்தால் இன்னும் நல்லது. அலமாரி நிறைந்த இடைச் சுவர்கூடக் காவல்தான்.

அறைக்கு வெளியே போவது வேறு... உள்ளே சுற்றுவது வேறு!

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அறையிலிருந்து சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் பாட்டு தெளிவாகக் கேட்கச் செய்வது இன்னொரு வேலை. முதலாவதற்குக் கனமும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும். இரண்டாவதற்கு மிருதுவான, காற்று நுழையும் பொருள்கள் வேண்டும். ஒன்றுக்கானதை வாங்கி இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் பணம்தான் போகும்.

முட்டை அட்டையும் தெர்மகோலும் இந்தக் குழப்பத்தில்தான் சுவரேறுகின்றன. இரண்டுக்கும் எடையே இல்லை, சத்தத்தைத் தடுக்காது. உள்ளே எதிரொலியைக் குறைப்பதிலும் பெரிய பயனில்லை. தீப்பொறி பட்டால் மட்டும் உடனே பற்றும்.

முதல் செலவு கதவுக்கு!

அறைக்குள் பாட்டு 80 டெசிபல் அளவில் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர் 45 டெசிபலைத் தடுத்தால் வெளியே 35 கேட்கும்; ஃபேன் சத்தத்தில் அது அடங்கிவிடும். ஆனால், கதவு எவ்வளவு தடுக்கிறது?

7 அடிக்கு 3 அடிக் கதவு ஒன்றின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி இருந்தால், அது கதவுப் பரப்பில் கிட்டத்தட்ட 1 சதவிகிதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால், 1 சதவிகித ஓட்டை உள்ள கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அதாவது, கதவுக்கு வெளியே 60 டெசிபல். பக்கத்தில் உட்கார்ந்து இருவர் பேசும் சத்தம். பேத்தியின் அறைக்குள் நாகஸ்வரம் நுழைந்தது சுவர் வழியாக அல்ல.

எனவே, செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை இது:

* உள்ளே கூடாக இருக்கும் ஃப்ளஷ் கதவை எடுத்துவிட்டு, கனமான பலகைக் கதவு அல்லது முழுதும் அடைத்த கதவு போடுங்கள். பழைய தேக்குக் கதவு இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள்.

* நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை. அடியில் கதவு மூடும்போது தானே இறங்கும் அடைப்பு அல்லது சின்ன வாசற்படி.

* நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பிளவு, சுவிட்சு பாக்ஸ், ஏ.சி குழாய் போகும் துளை, ஓட்டுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து எல்லாவற்றையும் காரையாலோ சீலன்ட்டாலோ அடையுங்கள். தண்ணீர் புகும் இடமெல்லாம் சத்தமும் புகும் என்பது நல்ல கணக்கு.

* ஜன்னல் கட்டாயம் என்றால் இருக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு கண்ணாடி ஜன்னல். இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு கனத்தில் இருப்பது நல்லது.

ஓட்டு வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், ஓட்டின் வழியாகச் சத்தம் அடுத்த அறைக்குத் தாவிவிடும். மேலே மரப் பலகை மச்சு இருக்கும் அறையென்றால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டடுக்கு ஜிப்சம் பலகையில் கூரை போட்டு, அதன் மேல் ராக்வூல் பரப்ப வேண்டியிருக்கும். அந்தக் கனத்தைச் சட்டங்கள் தாங்குமா என்று முதலில் ஓர் ஆசாரியைக் கேட்டுவிடுங்கள்.

கைதட்டிப் பாருங்கள்

சத்தம் வெளியே போகாமல் அடைத்தாகிவிட்டது. இப்போது காலி அறையில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். `டண்ண்ண்' என்று இழுத்தால் அந்த அறையில் பாட்டு கேட்க முடியாது. வார்த்தை மேல் வார்த்தை விழும். மிருதங்கத்தின் சொற்கள் குழைந்துபோகும்.

இந்த இழுவையை முதன்முதலில் கணக்காக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்கவே ஐந்தரை விநாடி ஆனது. அதைச் சரிசெய்யும் வேலை சபைனிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் சத்தம் அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. அவர் கணக்கை வைத்துக் கட்டிய பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900-ல் திறக்கப்பட்டது.

அந்தக் கணக்கை நம் வீட்டு அறைக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள பூசிய வெற்று அறையில், கணக்குப்படி சத்தம் அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகும். பாட்டு கேட்கும் அறைக்கு 0.3 முதல் 0.5 விநாடி போதும். அதை எட்ட, ஒலியை முழுதாக உறிஞ்சும் பரப்பு சுமார் 220 சதுர அடி தேவை. சுவர், தரை, கூரை மொத்தம் 900 சதுர அடி. அதில் கால் பங்கு. நாலு சுவரையும் மூடத் தேவையில்லை. சோபா, திரைச்சீலை, கம்பளம், உட்காரும் ஆட்கள் எல்லாருமே அந்தக் கால் பங்கில் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

மிச்சத்துக்கு மரச்சட்டத்தில் 2 அங்குல ராக்வூல் பலகை வைத்து, மேலே துணி இழுத்துக் கட்டினால் போதும். துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும், அதுதான் தகுதி. பழைய சுங்குடிப் புடவையும் கைத்தறி வேட்டியும் இந்தத் தேர்வில் எளிதாகப் பாஸாகும். பாட்டியின் புடவை சுவரில் இருந்தால் அறைக்கும் ஒரு களை! பலகையைச் சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் தள்ளி மாட்டினால் தாழ்ந்த சுருதியையும் கூடுதலாக உறிஞ்சும். ராக்வூலைத் தொடும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னைநாரும் ஒலியை உறிஞ்சும் பொருள்தான். கனமான கயிற்றுப் பாய்களைச் சுவரில் இருந்து தள்ளித் தொங்கவிடலாம். தரைக்குக் கோரைப்பாய் மட்டும் போதாது. அதன் அடியில் ஒரு ஜமுக்காளமாவது வேண்டும். வைக்கோலை அடைக்கலாம் என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். கரையான், எலி, தீ மூன்றையும் சேர்த்து அழைத்த மாதிரி.

சதுர அறை வேண்டாம்!

12 அடிக்கு 12 அடி அறை பார்க்க அழகு, பாட்டுக்கு எதிரி. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒவ்வோர் அறைக்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. 12 அடிக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றானால் அந்தச் சுருதி இரு மடங்கு திமிறும். அறையின் ஒரு மூலையில் `தொம்' என்று அதிரும். நடுவில் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக இருக்கும் அறையே நல்லது. சதுர அறைதான் இருக்கிறது என்றால், மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை கனமாக ராக்வூல் அடைத்து அதிர்வைக் குறைக்கலாம்.

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமாக அமையுங்கள். பின்னர் வீட்டில் ஒருவரைப் பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் முதல் பலகையை மாட்ட வேண்டும். இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை.

தீயும் காற்றும்

2003 பிப்ரவரி 20-ல் அமெரிக்காவின் ரோட் தீவில் ஓர் இசை விடுதியில் 100 பேர் இறந்தார்கள். மேடை வாணவேடிக்கையின் பொறி, சத்தம் தடுக்கச் சுவரில் ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோமில் பற்றியதுதான் காரணம். தீயைப் பற்றி நம் மாவட்டத்துக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. மெத்தைக் கடை ஃபோமைச் சுவரில் ஒட்டாதீர்கள். நார்ப் பாயானாலும் துணியானாலும் விளக்கு, பிளக் பாயின்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும். அறைக் கதவு உள்ளிருந்து ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம்.

நன்றாக அடைத்த அறையில் காற்று வராது. ஸ்பிலிட் ஏ.சி உள்ளே இருக்கும் காற்றைத்தான் குளிர்விக்குமே தவிர, புதுக் காற்றைக் கொண்டுவராது. இரண்டு மணி நேரத்தில் தலை கனக்கும். இரண்டு வளைவுகளோடு, உள்ளே ராக்வூல் ஒட்டிய மரக் குழாய் ஒன்றைச் சுவரில் பொருத்தி, மெதுவாகச் சுழலும் சின்ன ஃபேன் வைத்தால் காற்று வரும்; சத்தம் வளைவிலேயே அடங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 60 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ரெக்கார்டு உறைகளும் பிழைக்கும்.

சங்கீத மகால் இருக்கும் ஊர்!

இசைக்காக ஓர் அறை என்பது தஞ்சாவூருக்குப் புதிதில்லை. அரண்மனை வளாகத்தில் இருக்கும் சங்கீத மகால், நாயக்கர் காலத்தில் இசைக்கும் நாட்டியத்துக்கும் என்றே எழுப்பிய கூடம். ஒலியமைப்புக்காகவே இன்றும் பேசப்படுகிறது. 24 மெட்டுகள் கொண்ட இன்றைய வீணை வடிவம் பெற்றதும் ரகுநாத நாயக்கர் காலத் தஞ்சையில்தான் என்கிறது இசை வரலாறு.

ஆனால், அது மன்னர் வீட்டு அறை. ஊரின் இசை பெரும்பாலும் திறந்தவெளியில்தான் வளர்ந்தது. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டோடு நடந்த நாகஸ்வரமும் தவிலும் நாலு தெரு தாண்டிக் கேட்க வேண்டும் என்றே உருவானவை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடப்பதும் காவிரிக்கரைப் பந்தலில்தான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் பாட்டு. இன்று பக்கத்து வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து ஒருவர் தூங்குகிறார். இன்னொரு வீட்டில் `நீட்'டுக்குப் படிக்கிறார்கள். சட்டமும், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்றும், பகலில் 55 என்றும் எல்லை வகுத்திருக்கிறது. திறந்தவெளி இசையை நாலு சுவருக்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது.

மொத்த வேலையையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. இந்த மாதம் கதவும் ரப்பர் பட்டையும். அடுத்த மாதம் சந்துகளை அடைப்பது. தீபாவளிக்கு முன் நாலு ராக்வூல் பலகை. ஒவ்வொரு படிக்கும் பின் ஒருவர் உள்ளே பாட்டு போட, ஒருவர் வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்திவிடலாம். பல வீடுகளில் கதவு மாறியதுமே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பத்தாய அறையில் பழைய கட்டிலை நகர்த்திவிட்டு, தாத்தாவின் சாய்வு நாற்காலியைப் போடுங்கள். இரவு 10 மணிக்கு அவர் தோடியை முழுதாகக் கேட்கட்டும். அடுத்த அறையில் பேத்தி வேதியியலை முடிக்கட்டும். பரீட்சை முடிந்ததும் அவளே கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்காரலாம். உள்ளே இருப்பவருக்குத் தட்டும் சத்தம் கேட்காது என்பதால், ஒரு சின்ன அழைப்பு விளக்கு மட்டும் வைத்துவிடுங்கள்!